இடது இடுப்பு

"இயல்பா நடங்கக்கா. வீட்டுல எப்படி நடப்பீங்களோ அப்படி" என்று சொல்லிவிட்டு மெர்லின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சொன்ன மாத்திரத்தில் என் நடை என்னை விட்டுப் போய்விட்டது. வீட்டில் எப்படி நடக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும், தன் நடையைப் பார்த்துக்கொண்டா யாராவது நடப்பார்கள், தையல் மெஷினிலிருந்து அடுப்புக்குப் போகிறேன், அடுப்பிலிருந்து வாசலுக்குப் போகிறேன், பால் பொங்கினால் ஓடுகிறேன், அவ்வளவுதான் தெரியும். இங்கே பால் பொங்கவில்லை. நீளமான ஒரு அறை, தரையில் நீல விரிப்பு, சுவரின் உச்சியில் சுற்றிலும் கேமராக்கள், ஒவ்வொன்றின் கண்ணிலும் ஒரு சிவப்பு வெளிச்சம். என் உடம்பில் எலும்பு எங்கெல்லாம் புடைத்திருக்கிறதோ அங்கெல்லாம் கோலிக்குண்டு அளவில் ஒரு வெள்ளி உருண்டையை ஒட்டியிருக்கிறாள், கணுக்காலில், முட்டியில், இடுப்பெலும்பின் இரண்டு முனையிலும், தோளில். அந்தக் கேமராக்களுக்கு நான் தெரியவே மாட்டேனாம், உருண்டைகள் மட்டும்தான் தெரியுமாம். அதைக் கேட்டுப் பாதி வெட்கம் போனது, ஏனென்றால் அவள் கொடுத்த உடுப்பு அப்படி, கையில்லாத ஒரு பனியன், முட்டிக்கு மேலே நின்றுவிடும் ஒரு கால்சட்டை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முதுகு இறக்கம் எவ்வளவு, கை நீளம் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு ஜாக்கெட் தைக்கிறவள் நான், எனக்கு இந்தக் கோலம். கதவைச் சாத்திவிட்டாள், வேறு யாரும் இல்லை, வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர் ரெங்கராஜ் மட்டும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஆரம்பிங்கக்கா" என்கிறாள். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று நிற்கிறேன். நாற்பத்தைந்து வயதில் இது ஒரு சந்தேகம்.

எல்லாம் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். இடுப்பு வலிக்கிறது என்று இந்தப் பிசியோதெரபி கல்லூரிக்கு வைத்தியத்துக்கு வந்தேன். மெஷினில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்துவிட்டால் உட்கார முடியவில்லை, கல்யாணச் சீசன் துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் போனால் வாடிக்கைக்காரிகள் அடுத்த தெரு டெய்லரிடம் போய்விடுவார்கள். வலியைப் பார்த்தது இந்த மெர்லின்தான். நல்ல பிள்ளை, முப்பது வயது இருக்கும், தொடுவதற்கு முன்னால் தொடட்டுமா என்று கேட்பாள். அன்றைக்கே சொன்னாள், "அக்கா, நான் ஒரு ஆராய்ச்சி பண்றேன். பிள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்கிறோம்ல, அதனால பொம்பளைங்களுக்கு இடுப்பும் முதுகும் என்ன ஆகுதுன்னு. தூக்குனவங்க கொஞ்சப் பேரு, தூக்காதவங்க கொஞ்சப் பேரு, நடக்க வச்சுப் பாக்கணும். நீங்களும் வர்றீங்களா? வைத்தியமும் நானே பாத்துருவேன்." சரி என்றேன். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?" இல்லை என்றேன். அவ்வளவு லேசாக வந்தது வாயில். ஒரு வருஷமாக எல்லாருக்கும் அதைத்தான் சொல்லி வருகிறேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு, புதிதாக அளவு கொடுக்க வருகிறவளுக்கு, நம் ஊரில்தான் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பிள்ளையைக் கேட்பார்களே. ஒருத்தன் இருந்தான் என்றால் என்ன ஆச்சு என்பார்கள், என்ன ஆச்சு என்று சொன்னால் அய்யோ என்பார்கள், அப்புறம் அவர்கள் முகத்தை நான் உட்கார்ந்து தேற்ற வேண்டும். அதற்கு இல்லை என்பது சுலபம். பஸ்ஸில் சொன்னது பஸ்ஸோடு போய்விடும். ஆனால் மெர்லின் தலையை ஆட்டிவிட்டு என்னைத் தூக்காதவர்கள் பக்கம் சேர்த்துவிட்டாள். தூக்காதவள். கிச்சுவின் அம்மா நான், தூக்காதவள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரெங்கராஜின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த வார்த்தையையே மென்றுகொண்டு போனேன், துப்பவும் முடியவில்லை.

நடக்கிறேன். விரிப்பு பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது, நடுவில் எங்கேயோ தரைக்கு அடியில் எடை பார்க்கும் தட்டு புதைத்திருக்கிறார்களாம், எங்கே என்று சொல்ல மாட்டாளாம், சொன்னால் அதைப் பார்த்து மிதித்துவிடுவேனாம். வலது கால், இடது கால். பாதி தூரம் போவதற்குள் இடது கை தானாக வளைந்து இடுப்புக்கு வந்துவிட்டது. "கைய லூசா விடுங்கக்கா, உருண்டைய மறைக்குது" என்கிறாள் மெர்லின். விட்டேன். திரும்பி நடந்தால் மறுபடியும் வளைகிறது. இந்தக் கைக்கு வேறு வேலை தெரியாது. கிச்சுவுக்குக் கிஷோர் என்று பெயர் வைத்தோம், பெயரைக் கூப்பிட்டால் திரும்புவான், அது ஒன்றைத் திருத்தமாகச் செய்வான், கண்ணும் சிரிப்பும் என்னைத் தேடித் திரும்பும், மற்றபடி உடம்பு அவன் சொன்னபடி கேட்கவில்லை. பிறந்தபோது அழாத பிள்ளை. கால் இரண்டும் மூடிய கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிக்கொள்ளும், விரிக்கப் போனால் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான மையத்தில் ஒரு டீச்சரம்மா இருந்தார், பயிற்சி கொடுக்கிறவர், அதட்டுகிற குரல். "தோள்ல போடாத. கையில ஏந்தாத. இடுப்புல வை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு காலையும் பிரிச்சு, இடுப்புக்கு ரெண்டு பக்கமும் விட்டு வை. இல்லேன்னா இவனுக்குத் தொடை எலும்பு குழியை விட்டு நழுவிரும், அப்புறம் வாழ்நாள் பூரா வலிதான். கீழ இறக்கி வைக்கும்போது கழுத்துக்குத்தான் முதல்ல கை." அன்றிலிருந்து அவனை வைக்க எனக்கு ஒரே இடம்தான். அரிசி களைந்தது, கடைக்குப் போனது, கரண்ட் பில் கட்ட வரிசையில் நின்றது எல்லாம் அவனை வைத்துக்கொண்டுதான். சர்க்கார் கொடுத்த சக்கர நாற்காலி மூலையில் நின்றது, அதன் மேல் வெட்டின துணியை அடுக்கி வைத்தேன். பெரியவனான பிறகு அவன் பாதம் என் முழங்காலில் இடித்தது, தெருவில் எல்லாரும் பார்த்தார்கள், காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பத்து வயதில் இடுப்புக்குப் படம் எடுத்தபோது டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த வயசுக்கு இந்தப் பிள்ளைகளுக்கு நழுவியிருக்கும்மா. இவனுக்குக் குழியில அழகா உக்காந்திருக்கு. என்ன பண்ணீங்க?" தூக்குனேன் சார் என்றேன். வாழ்க்கையில் நான் வாங்கின ஒரே பரிசு அதுதான், அதை மாட்டி வைக்கச் சுவர்தான் இல்லை.

"இங்க வந்து பாருங்கக்கா" என்று கூப்பிடுகிறாள். கம்ப்யூட்டரில் கறுப்பாக ஒரு வெளி, அதில் புள்ளிகள் நடந்து வருகின்றன. புள்ளிகளை அவள் கோட்டால் சேர்த்திருக்கிறாள். சதை இல்லை, முகம் இல்லை, ஜாக்கெட் இல்லை, நானாம் அது. இடுப்பு இருக்கிற இடத்தில் ஒரு பெட்டி, பெட்டி ஒரு பக்கம் இறங்கி இடப்பக்கமாக வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, தோள் அதற்கு எதிர்ப்பக்கம் வலது புறமாகச் சாய்ந்து போகிறது. அது எனக்குத் தெரியாதா என்ன, எனக்கு நானே தைக்கும் ஜாக்கெட்டில் வலது தோளைத் தனியாக இறக்கி வெட்டி எத்தனை வருஷம் ஆகிறது. ஆனால் துணியில் பார்த்தது வேறு, இது வேறு. இடது இடுப்பு அப்படியே எட்டி நின்று யாரையோ உட்கார வைக்கக் காத்திருக்கிறது. என் கை போய் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. மெர்லின் அதைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள். "தூக்காதவங்களுக்கு இப்படி வராதேக்கா. தண்ணிக்குடம் நெறையாத் தூக்குவீங்களோ?" வீட்டிலேயே குழாய் இருக்கிறது என்றேன். "சரி விடுங்க. பயப்படாதீங்க, எலும்புல ஒண்ணும் இல்ல, எல்லாம் தசையோட பழக்கம்தான். செருப்புக்குள்ள ஒரு அட்டை வச்சு, தினமும் பயிற்சி பண்ணா மூணு மாசத்துல நேராக்கிரலாம். வலியும் போயிரும். பழைய பழக்கத்த உடம்பு மறந்துரும்கா." சந்தோஷமாகச் சொன்னாள். நல்ல செய்தி சொல்கிறவளின் முகம் அது, நானும் நல்ல செய்தி கேட்கிறவளின் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மறந்துவிடுமாம். அந்த அட்டை எவ்வளவு கனம் இருக்கும், ஒரு தீப்பெட்டிக் கனம் இருக்குமா, அதைச் செருப்புக்குள் வைத்தால் போதுமா, பதிமூன்று வருஷம் மூன்று மாசத்தில் சரியாகிவிடுமா. எனக்கு வலி போக வேண்டும். அதில் பொய் இல்லை, இரவில் புரண்டு படுக்க முடியவில்லை, மெஷினை மிதித்தால் தொடை வரைக்கும் தீ மாதிரி இறங்குகிறது. ஆனால் இந்தக் கோணல் போனால் அவன் எங்கே இருப்பான். அவன் பேசினதில்லை, நினைத்துப் பார்க்க ஒரு வார்த்தை இல்லை. எழுதினதில்லை, ஓடினதில்லை, பள்ளிக்கூடத்தில் எடுத்த படம் இல்லை. வீட்டில் துணிப்பெட்டியில் அவன் சட்டைகள் இருக்கின்றன, கை மடங்காத பிள்ளைக்கென்று முதுகுப் பக்கம் திறந்து நாடா வைத்து நானே தைத்தவை. அதை வேறு எந்தப் பிள்ளையும் போட முடியாது, மையத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ரெங்கராஜ் இரண்டு தடவை சொல்லிவிட்டார், நான் கேட்காத மாதிரி மெஷினை வேகமாக மிதித்தேன். மிச்சம் என்னிடம் இருப்பது இந்த இடுப்புதான். அவன் கனம் உட்கார்ந்து உட்கார்ந்து உண்டாக்கின இடம். அதை நேராக்கு என்று நானே வந்து கேட்டு நிற்கிறேன். வேடிக்கை என்னவென்றால் அவனைத் தூக்கின காலத்தில் ஒரு நாள் கூட வலித்ததில்லை. அலுப்பு இருந்தது, எரிச்சல் இருந்தது, எனக்குக் கோபம் வந்து அவனைப் பாயில் விட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்ற நாட்களும் இருந்தன, வலி இல்லை. காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு மெஷினில் உட்கார்ந்தேன், எழும்போதுதான் முதல் தடவையாகப் பிடித்தது. இறக்கி வைத்த பிறகு வலிக்கிற சுமையை யாரிடம் போய்ச் சொல்வது.

கார்த்திகை மழையில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. விழுங்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அது அடிக்கடி வரும், ஒவ்வொரு தடவையும் போராடித் திருப்பிக் கொண்டுவந்தோம், அந்தத் தடவை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டிச் சட்டை போட்டேன். கால்சட்டை போடப் போனபோது, எப்போதும் போல ஒரு கையால் முட்டியைப் பிடித்து இன்னொரு கையால் மெல்ல விரிக்கப் போனேன், கால் தானாகப் பிரிந்தது. துணி மாதிரிப் பிரிந்தது. பதிமூன்று வருஷம் நான் பிடித்து விரித்த கால், எண்ணெய் தடவி, வெந்நீர் ஊற்றி, பாட்டுப் பாடி விரித்த கால், எதிர்ப்பே இல்லாமல் பிரிந்தது. நான் அப்போதுதான் அழுதேன். சுற்றி நின்றவர்களுக்கு ஏன் என்று தெரியாது. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் வரலாம், ஆண்கள் வாங்கிக்கொள்வார்கள் என்றார்கள். தெருமுனை வரைக்கும் நான் தூக்குகிறேன் என்றேன். யாரோ பெரியவர் அதெல்லாம் வழக்கம் இல்லை என்று ஆரம்பித்தார். ரெங்கராஜ் அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார், "விடுங்க, அவதான் தூக்குவா." இடது இடுப்பில் வைத்தேன், இரண்டு பக்கமும் கால் லேசாகத் தொங்கியது, எந்தப் பிள்ளையும் அம்மா இடுப்பில் உட்காருவது மாதிரி உட்கார்ந்து வந்தான். முனையில் ரெங்கராஜ் கையில் கொடுத்தேன். அப்புறம் ஊர் பேசியது. நல்லதாப் போச்சு, அவனுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, அவர்களை நான் மன்னித்துவிட்டேன். ஆனால் ஒரு நாள் ரெங்கராஜும் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு விடுதலைன்னு நெனச்சுக்க ஜோதி" என்றார். எழுந்து போனேன். இன்றுவரை அதற்குப் பதில் சொல்லவில்லை. மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் என்னை இங்கே கூட்டி வந்திருக்கிறார், என் இடுப்பு நேரானால் இந்த வீட்டில் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று நம்பி வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு இருப்பது கோபமா என்று சில நாளாகத் தெரியவில்லை.

"அடுத்து இதை வச்சுக்கிட்டு நடக்கணும்கா" என்று மெர்லின் ஒரு மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிறாள். காடாத் துணியில் தைத்து மணல் நிரப்பினது. மேலே உருண்டையாக ஒன்று, நடுவில் நீளமாக ஒன்று, கீழே இரண்டாகப் பிரிந்து தொங்குகிறது, இடுப்பில் வைத்தால் நிற்பதற்காக. "ரெண்டு வயசுப் பிள்ளையோட கனம். எல்லாரும் ஒரே கனத்தைத் தூக்குனாத்தான் ஒப்பிட்டுப் பாக்க முடியும். நெசப் பிள்ளைய வச்சா அது அழும், ஆடும்." எனக்கு முதலில் கண்ணில் பட்டது தையல்தான். ஓரத்தை மடிக்காமல் அடித்திருக்கிறார்கள், கழுத்துப் பக்கம் மணல் கசிகிறது, நல்ல நூல் கூடப் போடவில்லை. "யாரு மேடம் தச்சது இத?" என்றேன். "நான்தான்கா, கையால. கேவலமா இருக்குல்ல?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தால் அதை வாங்காமல் தள்ளிப் போடலாம் என்று நினைத்தேன் போல. பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் வந்தது. வேண்டாம், இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிவிடலாம், அவள் கட்டாயப்படுத்த மாட்டாள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறாள். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். "மொதல்ல எந்தப் பக்கம் வசதிக்கா?" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் கை வாங்கிவிட்டது. ஒரு கை அதன் கீழே போய் இரண்டு காலையும் பிரித்தது, மணல் கால்தான், பிரிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பிரித்தது, இடது இடுப்பில் ஏற்றி உட்கார வைத்துத் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டது.

லேசு. கிச்சுவில் பாதி கூட இல்லை. மணலுக்குச் சூடு இல்லை, எண்ணெயும் மருந்தும் கலந்த அந்த வாசனை இல்லை, தோளில் எச்சில் இறங்கவில்லை, காதுக்குப் பக்கத்தில் அந்தக் கரகரப்பான மூச்சு இல்லை. ஒன்றுமே இல்லை, கனம் மட்டும் இருக்கிறது. கனம் மட்டும் போதுமாக இருக்கிறது. நடக்கிறேன். எந்தக் காலை முதலில் வைப்பது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, கால் போகிறது. வலது தோளுக்கு எங்கே இருக்க வேண்டும் என்று தெரிகிறது, முதுகுக்குத் தெரிகிறது. விரிப்பின் கடைசி வந்தது, திரும்புகிறேன், திரும்பும்போது அவன் தலை ஆடக் கூடாது என்று கை கழுத்துக்குப் போகிறது, மணல்தானே என்று ஒரு குரல் சொல்கிறது, சொல்லட்டும். மறுபடி கடைசி வந்தது. இடுப்பில் அந்தத் தீ இல்லை. ஒரு வருஷமாக இருந்தது இப்போது இல்லை. நான் அரிசி களையப் போகிறேன், கடைக்குப் போகிறேன், கரண்ட் பில் கட்டப் போகிறேன். நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. "அக்கா, போதும்கா" என்று மெர்லின் சொல்வது கேட்கிறது, இன்னொரு தடவை போய் வருகிறேன், அவள் தடுக்கவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறாள். "என்னக்கா இது" என்கிறாள் மெல்லிய குரலில், "எல்லாருக்கும் கனத்த வச்சாக் கோணும். நீங்க இத வச்ச பிறகுதான் நேரா நடக்குறீங்க." திரையில் அந்தப் பெட்டி தட்டு மாதிரி மட்டமாக இருந்தது.

"இறக்கி வச்சிருங்கக்கா, வலிக்கப் போகுது" என்று கட்டிலைக் காட்டினாள். கட்டிலுக்குப் போனேன். குனிந்தேன். முதலில் கழுத்துக்கு அடியில் கை. பிறகு முதுகு. தலை மெத்தையில் படும்வரை கையை எடுக்கவில்லை, பிறகு கால்களை ஒவ்வொன்றாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி, நடுவில் அங்கே கிடந்த ஒரு துண்டை மடித்து வைத்தேன். வைத்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று பார்த்தேன். மணல் மூட்டைக்கு ஒருத்தி தொடைக்கு நடுவில் துண்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். நிமிரவே முடியவில்லை. மெர்லின் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் படித்த படிப்பில் அந்தத் துண்டு இருக்கும், யாருடைய காலுக்கு நடுவில் அதை வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் அய்யோ என்று சொல்லவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மூட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "என்ன வயசு வரைக்கும்கா தூக்குனீங்க?"

"கடைசி வரைக்கும்" என்றேன்.

பேரையும் சொன்னேன். கிஷோர், வீட்டில் கிச்சு. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததைச் சொன்னேன், அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லிவிட்டேன், உங்கள் ஆராய்ச்சி கெட்டுப் போயிருக்கும் என்றேன். "கெடாதுக்கா, உங்கள அந்தப் பக்கம் மாத்திருவேன். தூக்குனவங்க பக்கம்" என்றாள். மாற்றுங்கள் என்றேன். அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் அந்த முகத்தை நான் தேற்ற வேண்டியிருக்கவில்லை. அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "மேடம், வலி மட்டும் போனாப் போதும். இந்தக் கோணல் இருந்துட்டுப் போகட்டும். அப்படிச் செய்ய முடியுமா?" சட்டென்று முடியும் என்று சொல்லியிருந்தால் நான் அவளை நம்பியிருக்க மாட்டேன். யோசித்தாள். "ரெண்டையும் பிரிச்சு எடுக்க முடியாதுக்கா. அங்க ஒண்ணும் இல்லாம இடுப்பு தாங்கிக்கிட்டே நிக்கிறதுதான் உங்களுக்கு வலி. அது போகணும்னா இதும் கொஞ்சங் கொஞ்சமாப் போயிரும்." அவ்வளவுதான், சொல்லிவிட்டாள். துணியில் கோணலாக வெட்டினதைக் கூட ஒட்டுப் போட்டு மறைத்துவிடுவேன், இதற்கு என்னிடம் ஒரு வித்தையும் இல்லை. மெஷின் வேண்டும், சாப்பாடு வேண்டும், வெளியே உட்கார்ந்திருக்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். "மெதுவாப் பண்ணுங்க" என்றேன். "நீங்க சொல்ற வேகத்துல பண்ணுவோம்கா" என்றாள். போகும்போது ரெங்கராஜிடம் அந்தச் சட்டைகளை மையத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்வேனா என்று யோசித்தேன். இன்றைக்கு இல்லை. ஒன்றே ஒன்றையாவது வைத்துக்கொண்டு, மற்றதை ஒரு நாள்.

"கடைசியா ஒரு தடவை வெறும் கையோட நடக்கணும்கா. முடியுமா? வேணாம்னா விட்டுரலாம்." முடியும் என்றேன். அவள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போனாள், நான் விரிப்பின் முனைக்கு வந்தேன். சிவப்புக் கண்கள் எல்லாம் விழித்திருந்தன. கட்டிலில் அந்த மூட்டை மல்லாந்து கிடந்தது, கழுத்துப் பக்கம் கொஞ்சம் மணல் கொட்டியிருந்தது, அடுத்த தடவை வரும்போது நல்ல நூல் கொண்டுவந்து அதைத் தைத்துக் கொடுக்க வேண்டும். நடந்தேன். பாதி தூரம் போவதற்குள் இடது இடுப்பு எட்டிக்கொண்டது, அங்கே தீ பிடித்துத் தொடை வரை இறங்கியது, தோள் வலது பக்கம் சாய்ந்தது. இடது கை மெல்ல வளைந்து இடுப்புக்கு வந்து உருண்டையை மறைத்தது. மெர்லின் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், கையை லூசாக விடச் சொல்லவில்லை.